டெபியன் லினக்ஸ் 12-இலிருந்து 13-க்கு ஏற்றியபின் ஜன்னல்களின் தோற்றம் குலைந்தது: தலைப்புப்பட்டை எழுத்து தெரியவில்லை, ஐகான்கள் வெறுமை, விஎல்சி வெளிறிப்போனது

#1 தும்பி

வணக்கம். டெபியன் 12 ஓடிக்கொண்டிருந்த மடிக்கணினியை 13-க்கு ஏற்றியிருக்கிறேன். இன்டெல் கிராபிக்ஸ், க்நோம் டெஸ்க்டாப், வேலண்ட் செஷன் (ஜன்னல்களைத் திரையில் காட்டும் புதிய முறை; பழையது எக்ஸ்), திரை அளவு 125 சதவீதம். அப்கிரேடு ஒரு பிழையும் இல்லாமல் முடிந்தது. ஆனால் மறுதொடக்கத்துக்குப் பிறகு:

- நாட்டிலஸ் (கோப்பு மேலாளர்), செட்டிங்ஸ், டெக்ஸ்ட் எடிட்டர் மூன்றிலும் தலைப்புப்பட்டை எழுத்து வெள்ளைமேல் வெள்ளை. பொத்தான்களுக்கு விளிம்பு இல்லை. பக்கப்பட்டிக்குப் பின்னணி இல்லை.
- கிம்பில் (படம் திருத்தும் நிரல்) எழுத்தும் பின்னணியும் நன்றாக இருக்கின்றன.
- விஎல்சி முன்பு கருந்தீமில் இருந்தது. இப்போது வெளிறிய சாம்பல்.
- சில நிரல்களில் ஐகான் இருக்கவேண்டிய இடம் காலி.
- எழுத்துகள் சில ஜன்னல்களில் மங்கல்.
- எலக்ட்ரானில் எழுதப்பட்ட கோட் எடிட்டரில் எழுத்துகள் துண்டுதுண்டாகச் சிதறித் தெரிகின்றன.

க்நோம் ஷெல், நாட்டிலஸ், தீம் பேக்கேஜ் எல்லாவற்றையும் நீக்கி மறுபடி நிறுவியாயிற்று. மாற்றம் இல்லை. முழுதாக அழித்துப் புதிதாகப் போடுவதுதான் வழியா?

#2 பனைமரம்

வேண்டாம், அழிக்காதீர்கள். நீங்கள் எழுதியது ஒரே கோளாறு போலத் தெரிந்தாலும் குறைந்தது நான்கு தனித்தனிக் கோளாறுகள். கிம்ப் பிழைத்துக்கொண்டதே அதற்குச் சான்று. நிரல்கள் தம் ஜன்னல்களை வரையப் பயன்படுத்தும் நூலகத்தை டூல்கிட் என்பார்கள்; ஜிடிகே, க்யூடி அப்படிப்பட்டவை. டெபியன் 13-இல் உள்ள கிம்ப் 3 ஜிடிகே3 நிரல். நாட்டிலஸ் ஜிடிகே4, அதோடு க்நோமின் தோற்ற நூலகமான லிப்அத்வைதா. விஎல்சி க்யூடி5. கோட் எடிட்டரின் எலக்ட்ரான், குரோமியம் உலாவியின் மேல் கட்டியது. நான்கும் தோற்றத்தை நான்கு இடங்களிலிருந்து படிக்கின்றன.

பேக்கேஜை மறுபடி நிறுவியது ஏன் பலிக்கவில்லை என்றால், பேக்கேஜ்களை நிறுவும் ஆப்ட் உங்கள் ஹோம் கோப்புறையைத் தொடுவதே இல்லை. பழைய அமைப்புகள் எல்லாம் அங்கே அப்படியே உட்கார்ந்திருக்கின்றன.

முதலில் செய்யவேண்டிய சோதனை: அட்யூசர் கட்டளையால் ஒரு புதிய பயனரை உருவாக்கி, வெளியேறி, அந்தப் பெயரில் உள்நுழைந்து அதே நிரல்களைத் திறந்து பாருங்கள். அங்கே சரியாக இருப்பதெல்லாம் உங்கள் ஹோம் கோப்புறையின் பழுது. அங்கேயும் கெட்டிருப்பது பேக்கேஜ் அல்லது டிரைவரின் பழுது. ஐந்து நிமிட வேலை. தேடவேண்டிய இடம் பாதியாகிவிடும்.

ஒரு நிரல் எந்த டூல்கிட் என்று தெரியாவிட்டால், அதை ஓடவிட்டு அதன் செயல்முறை எண்ணைப் பிஜிரெப்பால் எடுங்கள். பிறகு /ப்ராக் உள்ளே அந்த எண்ணின் கோப்புறையில் மேப்ஸ் என்ற கோப்பை கிரெப் போட்டுப் பாருங்கள். லிப்ஜிடிகே-3, லிப்ஜிடிகே-4, லிப்அத்வைதா-1, லிப்க்யூடி5விட்ஜெட்ஸ், லிப்க்யூடி6விட்ஜெட்ஸ் இவற்றில் எது ஏற்றப்பட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். பைனரிமேல் எல்டிடி ஓட்டுவதைவிட இது நம்பகமானது. ப்ளக்இன்னாக நடுவில் ஏற்றப்படும் நூலகங்களும் இதில் தெரியும்.

#3 தும்பி

புதிய பயனரில் நாட்டிலஸ் வகையறா மூன்றும் சரியாக இருக்கின்றன. விஎல்சியும் ஒழுங்காக இருக்கிறது. கோட் எடிட்டரில் சிதறல் இல்லை. காலி ஐகான்கள் மட்டும் அங்கேயும் காலி. மங்கலும் அங்கே உண்டு, 125 சதவீதம் வைத்தால்.

பழைய பயனரில் டெர்மினலிலிருந்து நாட்டிலஸைத் திறந்தால் “தீம் பார்சர் எரர்: ஜிடிகே.சிஎஸ்எஸ்” என்று தொடங்கும் வரிகள் நிறைய வருகின்றன. கடைசியில், ஜிடிகே-அப்ளிகேஷன்-ப்ரிஃபர்-டார்க்-தீம் என்பதை லிப்அத்வைதாவுடன் பயன்படுத்துவதற்கு ஆதரவில்லை என்ற எச்சரிக்கை.

#4 எழுத்தாணி

அந்த இரண்டு செய்திகளிலேயே விடை இருக்கிறது. ~/.கான்ஃபிக்/ஜிடிகே-4.0 உள்ளே போய்ப் பாருங்கள். ஜிடிகே.சிஎஸ்எஸ், ஜிடிகே-டார்க்.சிஎஸ்எஸ், அசெட்ஸ் என்று மூன்று இருக்கும். அநேகமாக மூன்றும் ~/.தீம்ஸ் கோப்புறையில் உள்ள ஏதோ ஒரு தீமைக் காட்டும் சிம்லிங்க்குகள் (குறுக்குவழிகள்).

பின்னணி இது. லிப்அத்வைதா, ஜிடிகே-தீம் என்ற அமைப்பைப் படிப்பதில்லை; தன்னுடைய ஸ்டைல்ஷீட்டை (நிறமும் வடிவமும் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பு) தானே ஏற்றிக்கொள்கிறது. அதைச் சுற்றிப்போக, பல தீம்களின் நிறுவு ஸ்கிரிப்ட்கள் ~/.கான்ஃபிக்/ஜிடிகே-4.0 உள்ளே சிஎஸ்எஸ்ஸை வைத்துவிடுகின்றன. ஜிடிகே4 இந்தக் கோப்பைப் பயனரின் விருப்பம் என்று கருதி எல்லாவற்றுக்கும் மேலே அடுக்குகிறது. டெபியன் 12-இல் இருந்தது லிப்அத்வைதா 1.2. 13-இல் இருப்பது 1.7. இடையில் 1.4 பதிப்பில் தலைப்புப்பட்டையைத் தாங்கும் டூல்பார்வியூ, பக்கப்பட்டியைத் தாங்கும் நேவிகேஷன் ஸ்ப்ளிட்வியூ ஆகியவை புதிதாக வந்தன. 1.6-இல் நிறங்கள் சிஎஸ்எஸ் மாறிகளுக்கு நகர்ந்தன. 1.2-க்காக எழுதிய தீமுக்கு இந்தப் புதிய பாகங்களின் பெயரே தெரியாது. ஆகவே பாதி விதிகள் பழைய தீமிலிருந்தும் பாதி புதியதிலிருந்தும் வருகின்றன. வெள்ளை எழுத்து ஒன்றிலிருந்து, வெள்ளைப் பின்னணி இன்னொன்றிலிருந்து.

செய்யவேண்டியது:

1. ~/.கான்ஃபிக்/ஜிடிகே-4.0 கோப்புறையின் பெயரை ஜிடிகே-4.0-பழையது என்று மாற்றுங்கள். அழிக்கவேண்டாம்.
2. ~/.கான்ஃபிக்/ஜிடிகே-3.0 உள்ளே செட்டிங்ஸ்.ஐஎன்ஐ இருந்தால், ஜிடிகே-அப்ளிகேஷன்-ப்ரிஃபர்-டார்க்-தீம், ஜிடிகே-தீம்-நேம் இரண்டு வரிகளையும் எடுத்துவிடுங்கள். ஜிடிகே4-இன் செட்டிங்ஸ்.ஐஎன்ஐயில் இருந்த அதே வரிதான் அந்த எச்சரிக்கையைத் தந்தது. முதல் படியிலேயே அது போய்விடும்.
3. நாட்டிலஸ் -க்யூ என்று கொடுத்து நாட்டிலஸை முழுதாக நிறுத்துங்கள். ஜன்னலை மூடினாலும் அது பின்னணியில் உயிரோடு இருக்கும். அடுத்த ஜன்னல் பழைய சிஎஸ்எஸ்ஸோடுதான் திறக்கும். “மாற்றினேன், பலன் இல்லை” என்று பலர் முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான்.
4. கருந்தோற்றம் வேண்டுமென்றால் ஆர்க்.க்நோம்.டெஸ்க்டாப்.இன்டர்ஃபேஸ் ஸ்கீமாவில் கலர்-ஸ்கீம் சாவிக்கு ப்ரிஃபர்-டார்க் என்ற மதிப்பை ஜிசெட்டிங்ஸ் கட்டளையால் கொடுங்கள். செட்டிங்ஸ் நிரலின் தோற்றம் பக்கத்தில் “டார்க்” தேர்ந்தெடுப்பதும் இதையேதான் செய்கிறது. க்நோம் 42-இலிருந்து இதுதான் முறையான வழி.

#5 மருதம்

எழுத்தாணி சொன்னதோடு இன்னொன்றையும் பார்க்கவேண்டும். ஜிடிகே_தீம் என்ற சூழல் மாறி (நிரல்கள் தொடங்கும்போது படிக்கும் மதிப்பு) எங்காவது ஒளிந்திருக்கிறதா? /இடிசி/என்விரான்மென்ட், ~/.ப்ரொஃபைல், ~/.பாஷ்ஆர்சி, ~/.கான்ஃபிக்/என்விரான்மென்ட்.டி இந்த நான்கிலும் தேடுங்கள். சிஸ்டம்சிடிஎல் --யூசர் ஷோ-என்விரான்மென்ட் கொடுத்தால் இப்போது செஷனில் உள்ள மதிப்புகள் எல்லாம் தெரியும்.

இந்த மாறி இருந்தால் லிப்அத்வைதா தன் ஸ்டைல்ஷீட்டை ஏற்றாமல் விட்டுவிடும். தீம் எழுதுபவர்கள் சோதித்துப் பார்ப்பதற்காக இருக்கும் மாறி அது. அன்றாடப் பயன்பாட்டுக்கு உரியது இல்லை. விளிம்பில்லாத பொத்தான், இடைவெளியே இல்லாத வரிசைகள், வட்டமாக இருக்கவேண்டிய முகப்படம் சதுரமாகத் தெரிவது, இவையெல்லாம் அதன் அடையாளம்.

ஃப்ளாட்பேக் (சாண்ட்பாக்ஸ் என்ற தனிப்பெட்டிக்குள் நிரலை ஓட்டும் பேக்கேஜ் முறை) நிரல்கள் இருந்தால் ஃப்ளாட்பேக் ஓவர்ரைடு --யூசர் --ஷோ ஓட்டிப் பாருங்கள். பழைய வழிகாட்டிகள் பலவற்றில் எக்ஸ்டிஜி-கான்ஃபிக்/ஜிடிகே-4.0 கோப்புறையைச் சாண்ட்பாக்ஸுக்குள் திறந்துவிடச் சொல்லியிருப்பார்கள், ஜிடிகே_தீம் மாறியையும் சேர்த்து. அது ~/.லோக்கல்/ஷேர்/ஃப்ளாட்பேக்/ஓவர்ரைட்ஸ் உள்ளே குளோபல் என்ற கோப்பில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அப்கிரேடு அதைத் தொடாது.

#6 நள்ளிரவு

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், நெருங்கிய சிக்கல் என்பதால் இங்கேயே கேட்கிறேன். டெபியன் 13, ஆனால் க்நோமுக்குப் பதில் ஸ்வே ஜன்னல் மேலாளர். கலர்-ஸ்கீமில் ப்ரிஃபர்-டார்க் வைத்தாகிவிட்டது. ஜிசெட்டிங்ஸில் படித்தால் அதே மதிப்பு வருகிறது. ஆனாலும் லிப்அத்வைதா நிரல்கள் வெளிர்நிறம்தான். அதோடு ஒவ்வொரு நிரலும் திறக்க அரை நிமிடம் எடுக்கிறது. 12-இல் இந்தத் தாமதம் கிடையாது.

#7 எழுத்தாணி

தாமதத்தை அளந்து பாருங்கள். 25 விநாடிக்கு அருகில் இருக்கும். அது டி-பஸ் (நிரல்கள் தமக்குள் பேசும் வழி) அழைப்புக்கு வழக்கமாக உள்ள காத்திருப்பு நேரம். நிரல், போர்ட்டலிடம் (டெஸ்க்டாப்பின் அமைப்புகளை நிரல்களுக்குச் சொல்லும் சேவை) “கருப்பா வெளுப்பா” என்று கேட்கிறது. போர்ட்டல் பதில் தரவில்லை. 25 விநாடி காத்திருந்துவிட்டு வெளிர்நிறத்தில் திறக்கிறது. உங்கள் இரண்டு சிக்கலுக்கும் வேர் ஒன்றுதான்.

காரணம் இரண்டில் ஒன்று, அல்லது இரண்டும்.

முதலாவது, எக்ஸ்டிஜி-டெஸ்க்டாப்-போர்ட்டலின் ஜிடிகே பின்தளம் வேலண்ட்_டிஸ்ப்ளே மாறி இல்லாமல் தொடங்கமுடியாமல் விழுகிறது. டெபியனின் ஸ்வே பேக்கேஜில் /இடிசி/ஸ்வே/கான்ஃபிக்.டி உள்ளே 50-சிஸ்டம்டி-யூசர்.கான்ஃப் என்ற கோப்பு இருக்கிறது. அந்த மாறியை சிஸ்டம்டி பயனர் செஷனுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை. உங்கள் சொந்த ஸ்வே கான்ஃபிக் கோப்பில் /இடிசி/ஸ்வே/கான்ஃபிக்.டி/* என்பதை உள்ளிழுக்கும் இன்க்ளூட் வரி இல்லாவிட்டால் அது ஓடவே ஓடாது. கடைசி வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

இரண்டாவது, 12-இல் இருந்த போர்ட்டல் 1.16, 13-இல் 1.20. இடையே 1.18 தொடரிலிருந்து எந்தப் பின்தளம் எதற்குப் பதில் சொல்லவேண்டும் என்பதைப் போர்ட்டல்ஸ்.கான்ஃப் கோப்பு தீர்மானிக்கிறது. ~/.கான்ஃபிக்/எக்ஸ்டிஜி-டெஸ்க்டாப்-போர்ட்டல் உள்ளே ஸ்வே-போர்ட்டல்ஸ்.கான்ஃப் என்று ஒரு கோப்பு வைத்து, ப்ரிஃபர்டு என்ற தலைப்பின் கீழே டிஃபால்ட்டுக்கு ஜிடிகே என்றும், ஸ்க்ரீன்காஸ்ட், ஸ்க்ரீன்ஷாட் இரண்டின் முழு இடைமுகப் பெயர்களுக்கும் டபிள்யூஎல்ஆர் என்றும் கொடுங்கள்.

பிறகு சோதனை: பஸ்சிடிஎல்லால் போர்ட்டலின் செட்டிங்ஸ் இடைமுகத்தில் ரீட்ஒன் முறையை அழைத்து, ஆர்க்.ஃப்ரீடெஸ்க்டாப்.அப்பியரன்ஸ், கலர்-ஸ்கீம் இரண்டையும் கொடுங்கள். 1 வந்தால் கருப்பு, 2 வெளிர், 0 என்றால் விருப்பம் சொல்லப்படவில்லை. ஜிசெட்டிங்ஸில் சரியான மதிப்பு இருந்தும் இங்கே 0 வந்தால், இன்னும் போர்ட்டல் உங்கள் அமைப்பைப் படிக்கவில்லை என்று பொருள்.

#8 நள்ளிரவு

இன்க்ளூட் வரிதான் இல்லை. சேர்த்ததும் நிரல்கள் உடனே திறக்கின்றன, ரீட்ஒன் 1 தருகிறது. மிக்க நன்றி.

#9 தும்பி

ஜிடிகே-4.0 கோப்புறையை நகர்த்தியதும் நாட்டிலஸ், செட்டிங்ஸ், டெக்ஸ்ட் எடிட்டர் மூன்றும் சரியாகிவிட்டன. ~/.ப்ரொஃபைலில் ஜிடிகே_தீம் வரியும் ஒன்று இருந்தது, எடுத்தாயிற்று. இனி ஐகான், விஎல்சி, மங்கல், சிதறல்.

#10 பனைமரம்

ஐகானை எடுத்துக்கொள்கிறேன். புதிய பயனரிலும் காலி என்றீர்கள், ஆகவே ஹோம் கோப்புறை குற்றவாளி இல்லை. எந்த நிரல்களில் காலி? ஜிடிகே3 நிரல்களில் மட்டுமா? டெர்மினலில் “அன்ரெகக்னைஸ்டு இமேஜ் ஃபைல் ஃபார்மட்” என்று வருகிறதா?

#11 தும்பி

ஆம், ஜிடிகே3 நிரல்களில் மட்டும். அந்த வரியேதான் வருகிறது.

#12 பனைமரம்

அப்படியானால் எஸ்விஜி (ஐகான் படங்களின் கோப்பு வடிவம்) படிக்கும் லோடர் இல்லை. ஜிடிகே3, ஐகான் எஸ்விஜிகளை ஜிடிகே-பிக்ஸ்பஃப் (gdk-pixbuf) என்ற பட நூலகம் வழியாகப் படிக்கிறது. அந்த லோடர் டெபியனில் லிப்ஆர்எஸ்விஜி2-காமன் என்ற பேக்கேஜில் இருக்கிறது. அப்கிரேடுக்குப் பின், தேவையற்ற பேக்கேஜ்களை நீக்கும் ஆட்டோரிமூவ் ஓட்டும்போது, வேறு எதுவும் அதைக் கட்டாயமாகக் கோராவிட்டால், அது போய்விடக்கூடும். அதை நிறுவுங்கள், லோடர்ஸ்.கேஷ் கோப்பு தானாகப் புதுப்பிக்கப்படும். ஏற்கெனவே நிறுவப்பட்டிருந்தால் --ரீஇன்ஸ்டால் போட்டு மறுபடி நிறுவுங்கள்.

இதே அறிகுறிக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஸ்னாப் (இன்னொரு பேக்கேஜ் முறை) வழியாக நிறுவிய ஒரு எடிட்டரின் உள்ளே இருக்கும் டெர்மினலிலிருந்து வேறு நிரலைத் திறந்தால், ஜிடிகே_பாத், ஜிடிகே_பிக்ஸ்பஃப்_மாட்யூல்_ஃபைல் போன்ற மாறிகள் ஸ்னாப்பின் உட்பாதைகளோடு கசிந்துவரும். நிரல் ஸ்னாப்பின் லோடர் பட்டியலைப் படித்துக் குழம்பும். சாதாரண டெர்மினலிலிருந்து திறந்தால் சரியாகத் தெரிகிறது என்றால் காரணம் இதுதான்.

மூன்றாவது வகை, தும்பிக்குப் பொருந்தாது, ஆனால் தேடி வருபவர்களுக்காக: வெளியிலிருந்து இறக்கிய ஐகான் தீமில் மட்டும் சில ஐகான்கள் காணாமல்போவது. ~/.லோக்கல்/ஷேர்/ஐகான்ஸ் உள்ளே அந்தத் தீமின் கோப்புறையில் ஐகான்-தீம்.கேஷ் என்ற கோப்பு பழையதாக இருக்கும். ஜிடிகே, தீமின் மேல்நிலைக் கோப்புறையின் தேதியை மட்டும்தான் கேஷின் தேதியோடு ஒப்பிடுகிறது. உட்கோப்புறைகளில் புது எஸ்விஜி வைத்தால் அதன் கண்ணில் படாது. ஜிடிகே-அப்டேட்-ஐகான்-கேஷ் கட்டளைக்கு -எஃப் கொடுத்து ஓட்டுங்கள், அல்லது கேஷ் கோப்பையே அழித்துவிடுங்கள். கேஷ் இல்லாமலும் ஜிடிகே வேலை செய்யும், தொடங்கும்போது மட்டும் சற்று மெதுவாக. அப்படியே இன்டெக்ஸ்.தீம் கோப்பில் இன்ஹெரிட்ஸ் வரியில் அத்வைதாவும் ஹைகலரும் இருக்கின்றனவா என்று பாருங்கள். தீமில் இல்லாத ஐகானுக்கு மாற்றை எங்கே தேடுவது என்று சொல்வது அந்த வரி.

#13 குறுநிரல்

விஎல்சி என் பங்கு. க்யூடி_க்யூபிஏ_பிளாட்ஃபார்ம்தீம் மாறியில் என்ன இருக்கிறது?

#14 தும்பி

க்யூடி5சிடி (க்யூடி5 நிரல்களின் தோற்றத்தை அமைக்கும் கருவி). ~/.ப்ரொஃபைலில் வைத்தது. க்யூடி5சிடியில் ஸ்டைல் க்வாண்டம் என்று இருக்கிறது. அதோடு இப்போது ஒகுலரும் (பிடிஎஃப் பார்க்கும் நிரல்) வெளிறித் தெரிகிறது. 12-இல் அதுவும் கருந்தீமில் இருந்தது.

#15 குறுநிரல்

ஒகுலரையும் சேர்த்துச் சொன்னது நல்லதாயிற்று. 12-இல் ஒகுலர் க்யூடி5 நிரல், 13-இல் க்யூடி6. விஎல்சி 3 இன்னும் க்யூடி5-இலேயே நிற்கிறது. இரண்டுக்கும் ப்ளக்இன் கோப்புறை வேறு: /யூஎஸ்ஆர்/லிப்/எக்ஸ்86_64-லினக்ஸ்-க்னு உள்ளே க்யூடி5/ப்ளக்இன்ஸ்/ஸ்டைல்ஸ் ஒன்று, க்யூடி6/ப்ளக்இன்ஸ்/ஸ்டைல்ஸ் ஒன்று. க்யூடி5-க்காகத் தொகுத்த ஸ்டைல் ப்ளக்இன்னை க்யூடி6 ஏற்றவே முடியாது. இரண்டிலும் க்வாண்டத்தின் .எஸ்ஓ கோப்பு இருக்கவேண்டும். இல்லாவிட்டால் க்யூடி வாய்திறக்காமல் ஃப்யூஷன் ஸ்டைலுக்கு இறங்கிவிடும். நீங்கள் பார்க்கும் வெளிறிய சாம்பல் அதுதான்.

உறுதிசெய்ய, க்யூடி_டீபக்_ப்ளக்இன்ஸ் மாறிக்கு 1 கொடுத்து டெர்மினலிலிருந்து விஎல்சியைத் திறங்கள். வெளியீடு நீளமாக வரும். அதில் ஸ்டைல்ஸ் என்று கிரெப் போடுங்கள். க்வாண்டம் பெயரே வராவிட்டால் ப்ளக்இன் இல்லை. வந்து, கூடவே “இன்கம்பாட்டிபிள் க்யூடி லைப்ரரி” என்று இருந்தால் பழைய க்யூடிக்காகத் தொகுத்த ப்ளக்இன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கையால் தொகுத்து நிறுவியவர்களுக்கு இது நேரும். மறுபடி தொகுக்கவேண்டும்.

சரிசெய்ய: ஆப்ட் சர்ச்சில் க்வாண்டம் தேடி, க்யூடி5 ஸ்டைல், க்யூடி6 ஸ்டைல் இரண்டையும் நிறுவுங்கள். க்யூடி6சிடி பேக்கேஜையும் நிறுவுங்கள். மாறியை மாற்றவேண்டியதில்லை, க்யூடி6சிடி, க்யூடி5சிடி என்ற பெயருக்கும் பதில் சொல்லும். ஆனால் அது படிப்பது ~/.கான்ஃபிக்/க்யூடி6சிடி உள்ளே இருக்கும் தன் சொந்தக் கோப்பை. ஆகவே க்யூடி6சிடியை ஒருமுறை திறந்து ஸ்டைல், நிறத்தொகுப்பு, ஐகான் தீம் மூன்றையும் தேர்ந்து சேமிக்கவேண்டும். ஐகான் தீமை மறந்தால் டூல்பார் காலியாக நிற்கும்.

க்யூடி_ஸ்டைல்_ஓவர்ரைடு மாறி எங்காவது இருந்தால் எடுத்துவிடுங்கள். அது எல்லா அமைப்பையும் மிதித்துக்கொண்டு போகும், பிறகு க்யூடி6சிடியில் எதை மாற்றினாலும் பலன் தெரியாது.

கேடிஇ பிளாஸ்மாவில் இருப்பவர்களுக்கு: மேற்கண்ட க்யூடி5சிடி, க்யூடி6சிடி இரண்டும் உங்களுக்குத் தேவையில்லை, மாறியே வைக்கவேண்டாம். 2024 பிப்ரவரியில் வந்த பிளாஸ்மா 6 க்யூடி6-க்கு மாறியதால், க்யூடி5 நிரல்களுக்கான ப்ரீஸ் ஸ்டைல் தனிப் பேக்கேஜாகப் பிரிந்துவிட்டது. ஆர்ச்சில் அதன் பெயர் ப்ரீஸ்5, கூடவே பிளாஸ்மா5-இன்டெக்ரேஷன். இரண்டும் இல்லாவிட்டால் க்யூடி5 நிரல்கள் மட்டும் அந்நியமாகத் தெரியும். பேனல் ஐகான்கள் குழம்பினால் ~/.கேஷ் உள்ளே பிளாஸ்மா_தீம் என்று தொடங்கும் கோப்புகள், பிளாஸ்மா-எஸ்விஜிஎலிமென்ட்ஸ், ஐகான்-கேஷ்.கேகேஷ் இவற்றை அழித்துவிட்டு வெளியேறி உள்நுழையுங்கள். அவை தானே மறுபடி உருவாகும்.

#16 தும்பி

லிப்ஆர்எஸ்விஜி2-காமன் போனதும் உண்மை. நிறுவியதும் ஐகான்கள் எல்லாம் திரும்பிவிட்டன. க்யூடி6சிடியில் ஸ்டைல் தேர்ந்தபின் ஒகுலரும், க்யூடி5 ஸ்டைல் நிறுவியபின் விஎல்சியும் சரி. மங்கலும் சிதறலும் பாக்கி.

#17 மருதம்

சிதறலை முதலில் முடிப்போம், எளிது. குரோமியம் வழி நிரல்கள் தொகுத்த ஷேடர்களை (கிராபிக்ஸ் செயலியில் ஓடும் சிறு நிரல்கள்) ஜிபியூகேஷ் என்ற கோப்புறையில் சேமிக்கின்றன. மெசா (கிராபிக்ஸ் டிரைவர்) பதிப்பு மாறியபின் பழைய ஷேடர் புதிய டிரைவரோடு ஒத்துப்போகாமல் எழுத்துகள் சிதறுவது தெரிந்த சிக்கல். புதிய பயனரில் சிதறல் இல்லாததும் இதனோடு பொருந்துகிறது. நிரலை முழுதாக மூடுங்கள். ~/.கான்ஃபிக் உள்ளே அந்த நிரலின் கோப்புறைக்குள் ஜிபியூகேஷ் என்ற பெயருள்ள கோப்புறைகளை மட்டும் அழியுங்கள். நிரலின் கோப்புறையை முழுதாக அழித்தால் அதன் அமைப்புகளும் உள்நுழைவும் சேர்ந்து போய்விடும், கவனம். அழிக்குமுன் உறுதிசெய்ய விரும்பினால் --டிஸேபிள்-ஜிபியூ கொடியோடு ஒருமுறை திறந்து பாருங்கள். சிதறல் மறைந்தால் சந்தேகமே இல்லை. அந்தக் கொடியை நிரந்தரமாக வைக்காதீர்கள், செயலி வீணாக உழைக்கும்.

மங்கலுக்கு: ஜிடிகே4 எந்த ரெண்டரரால் (வரையும் பகுதி) வரையவேண்டும் என்று சொல்லும் ஜிஎஸ்கே_ரெண்டரர் மாறியை ஜிஎல் என்று என்விரான்மென்ட்.டியில் வைத்துவிடுங்கள். ஜிடிகே 4.16-இலிருந்து வேலண்டில் வல்கன் ரெண்டரர்தான் இயல்பு. பழைய கிராபிக்ஸில் அதனால்தான் எல்லாத் தொல்லையும்.

#18 எழுத்தாணி

இரண்டாவது பகுதியை ஏற்கமாட்டேன், மருதம். சோதிக்காமல் உலகளாவிய மாறி வைப்பதால்தான் அடுத்த அப்கிரேடில் இதே இழை மறுபடி தொடங்குகிறது. தும்பியிடம் ~/.ப்ரொஃபைலில் கிடந்த ஜிடிகே_தீமும் ஒருகாலத்தில் யாரோ அப்படிச் சொல்லி வைத்ததுதான்.

முதலில் எந்த ஜன்னல்கள் மங்கல் என்று பிரிக்கவேண்டும். எக்ஸ்எல்எஸ்கிளையன்ட்ஸ் ஓட்டினால் எக்ஸ்வேலண்ட் (எக்ஸ் நிரல்களை வேலண்டில் ஓட்டும் பாலம்) வழி ஓடும் நிரல்களின் பட்டியல் வரும். மங்கலானவை எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தால், ரெண்டரருக்கும் இதற்கும் தொடர்பில்லை. 125 சதவீதத்துக்காக அந்த ஜன்னல்களின் படம் பெரிதாக்கப்படுகிறது. ஜிடிகே4 நிரல்களே மங்கல் என்றால் மட்டும் ஜிஎஸ்கே_ரெண்டரர் மாறிக்கு கெய்ரோ கொடுத்து அந்த ஒரு நிரலை மட்டும் திறந்து ஒப்பிடவேண்டும். தெளிந்தால் ரெண்டரர் குற்றவாளி, பிறகு ஜிஎல் முயலலாம். தெளியாவிட்டால் எழுத்துரு அமைப்பு.

#19 மருதம்

ஒப்புக்கொள்கிறேன், சோதனை முதலில். ஒரு திருத்தம் மட்டும்: நாட்டிலஸ் போன்றவற்றை ஒரு நிரலுக்கு மட்டும் மாறியோடு திறக்க .டெஸ்க்டாப் கோப்பை ~/.லோக்கல்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ் உள்ளே நகலெடுத்து எக்ஸெக் வரியை மாற்றினால் மட்டும் போதாது. அதில் டிபஸ்ஆக்டிவேட்டபிள் ட்ரூ என்று இருக்கும். அது இருந்தால் க்நோம் எக்ஸெக் வரியைப் பார்ப்பதே இல்லை, டி-பஸ் வழியாகத் தொடங்கிவிடும். நகலில் அதை ஃபால்ஸ் ஆக்கவேண்டும்.

#20 தும்பி

ஜிபியூகேஷ் அழித்ததும் சிதறல் போய்விட்டது. மங்கலானவை: கோட் எடிட்டர், விஎல்சி, இன்னும் இரண்டு. நான்கும் எக்ஸ்எல்எஸ்கிளையன்ட்ஸ் பட்டியலில் இருக்கின்றன. நாட்டிலஸ் தெளிவாகவே இருக்கிறது, கெய்ரோவிலும் வேறுபாடு இல்லை.

#21 எழுத்தாணி

அப்படியானால் ரெண்டரரைத் தொடவேண்டாம். மூன்று வழிகள், விருப்பப்படி:

கோட் எடிட்டருக்கு --ஓசோன்-பிளாட்ஃபார்ம்=வேலண்ட் கொடி கொடுத்தால் அது நேரடியாக வேலண்டில் ஓடும், மங்கல் போகும்.

மற்றவற்றுக்கு, க்நோம் 47-இலிருந்து அதன் ஜன்னல் மேலாளரான மட்டரில் எக்ஸ்வேலண்ட்-நேட்டிவ்-ஸ்கேலிங் என்ற சோதனை அம்சம் இருக்கிறது. ஆர்க்.க்நோம்.மட்டர் ஸ்கீமாவில் எக்ஸ்பெரிமென்டல்-ஃபீச்சர்ஸ் சாவி ஒரு பட்டியல். முதலில் கெட் போட்டு இப்போது என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு, இருப்பதோடு சேர்த்து எழுதுங்கள். புதியதை மட்டும் எழுதினால் 125 சதவீதத் தேர்வைத் தரும் ஸ்கேல்-மானிட்டர்-ஃப்ரேம்பஃபர் பட்டியலிலிருந்து விழுந்துவிடும்.

இரண்டும் வேண்டாம் என்றால் திரை அளவை 100 சதவீதத்தில் வைத்து, டெக்ஸ்ட்-ஸ்கேலிங்-ஃபேக்டர் சாவிக்கு 1.25 கொடுங்கள். எழுத்து பெரிதாகும், படம் நீட்டப்படாது. ஒரே திரை உள்ள மடிக்கணினிக்கு எனக்குப் பிடித்தது இதுதான். ஐகான்கள் மட்டும் சற்றுச் சிறிதாக நிற்கும்.

#22 தும்பி

1.25 வைத்தேன், எல்லாம் தெளிவு. கடைசியாக ஒன்று: நாட்டிலஸில் தமிழ்க் கோப்புப் பெயர்களில் ‘கொ’, ‘கோ’ போன்றவற்றில் கொம்பு தனியாகவும் புள்ளிவட்டத்தோடும் தெரிகிறது. டிகான்ஃப் (க்நோம் அமைப்புகள் சேமிக்கப்படும் இடம்) முழுதையும் ரீசெட் செய்தால் தீருமா?

#23 பனைமரம்

டிகான்ஃபுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அதை முழுதாக ரீசெட் செய்தால் /ஆர்க்/க்நோம்/டெஸ்க்டாப் கீழே இருக்கும் இன்புட்-சோர்சஸ்கூடப் போய்விடும். தமிழ்99 வைத்திருந்தால் மறுபடி சேர்க்கவேண்டியிருக்கும். ரீசெட் வேண்டுமென்றால் எப்போதும் ஒரு சாவிக்கு மட்டும் செய்யுங்கள், அதற்குமுன் டிகான்ஃப் டம்ப் எடுத்து ஒரு கோப்பில் வையுங்கள்.

புள்ளிவட்டம் தோன்றக் காரணம், மெய்யெழுத்து ஒரு எழுத்துருவிலிருந்தும் கொம்பு இன்னொன்றிலிருந்தும் எடுக்கப்படுவது. க்நோம் 48-இன் இயல்பு எழுத்துரு அத்வைதா சான்ஸ். அதில் தமிழ் இல்லை. ஆகவே தமிழுக்கு எதை எடுப்பது என்பதை எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் நூலகமான ஃபான்ட்கான்ஃபிக் தீர்மானிக்கிறது. சாதாரணமாக அது தமிழ் எழுத்துகள் முழுதும் உள்ள எழுத்துருவைத்தான் தேடும். ஆனால் ~/.கான்ஃபிக்/ஃபான்ட்கான்ஃபிக் உள்ளே ஃபான்ட்ஸ்.கான்ஃபில் ப்ரிஃபர் பட்டியல் எழுதி, அதில் தமிழ் அரைகுறையாக உள்ள எழுத்துரு முன்னே நின்றால் அந்தத் தேடலை அது முந்திவிடும்.

எஃப்சி-மேட்ச் கட்டளைக்கு சான்ஸ்:லாங்=டிஏ என்று கொடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழோ லோகித் தமிழோ வராமல் வேறு பெயர் வந்தால் அதுதான் ஆள். அந்தப் பெயரை ப்ரிஃபர் பட்டியலிலிருந்து எடுங்கள், அல்லது அதற்குமேலே நோட்டோ சான்ஸ் தமிழை வையுங்கள். நோட்டோவே இல்லாவிட்டால் ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர் பேக்கேஜ் போதும். பிறகு எஃப்சி-கேஷ் -எஃப்வி ஓட்டி, நாட்டிலஸ் -க்யூ கொடுத்து மறுபடி திறங்கள்.

#24 தும்பி

எஃப்சி-மேட்ச், ~/.லோக்கல்/ஷேர்/ஃபான்ட்ஸ் உள்ளே கிடந்த ஒரு பழைய எழுத்துருவைக் காட்டியது, ஃபான்ட்ஸ்.கான்ஃபின் ப்ரிஃபர் வரியிலும் அதுவே முதலில் இருந்தது. எடுத்தபின் ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ மூன்றும் சரியாகச் சேர்ந்து தெரிகின்றன. சோதனைப் பயனரை டெல்யூசர் --ரிமூவ்-ஹோம் கொடுத்து நீக்கிவிட்டேன். பனைமரம், எழுத்தாணி, மருதம், குறுநிரல் நால்வருக்கும் நன்றி. இழையின் தலைப்பில் ‘தீர்ந்தது’ என்று குறித்துவிடலாம்.